சில நாற்காலிகள் மேகங்கள்

எல்லாப் பூனைகளும் நாற்காலிகள். சில நாற்காலிகள் மேகங்கள். ஆகவே சில பூனைகள் மேகங்கள் என்று முடிவு கட்டலாமா, கூடாதா?

1986இல் தேனாம்பேட்டையில் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மத்திய அரசு உத்தியோகத்துக்கு ஆசைப்பட்டால் இதற்கு அரை நிமிஷத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பூனை எப்படி நாற்காலியாகும் என்று கேட்கக் கூடாது. கேட்கிற சுபாவம் உள்ளவர்கள் பாஸ் பண்ணி நான் பார்த்ததில்லை. எனக்கும் அந்தச் சுபாவம் கொஞ்சம் இருந்தது. எல்டாம்ஸ் ரோடை ஒட்டிய ஒரு சந்தில், மொட்டைமாடிக் கொட்டகையில் வகுப்பெடுத்த சார் அதைச் சொஸ்தப்படுத்தி அனுப்பினார்.

சார் ரிட்டயர்டு ஹெட்கிளார்க். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு பேனா. கீழே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், மேலே நாங்கள். கீழே லோயர் பாஸ் பண்ணியவர்கள்தான் பெரும்பாலும் மேலே ஏறி வருவார்கள். விரலுக்குப் பயிற்சி கொடுத்து முடித்த பிறகு மூளைக்கு. ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷனின் கிளார்க் கிரேடு, பேங்க் வேலைக்கு பி.எஸ்.ஆர்.பி. என்று இரண்டு வாசல்களுக்குத்தான் சார் சாவி வைத்திருந்தார். டிஎன்பிஎஸ்சி அதைவிடப் பழைய வாசல். 1929இல் வேறு எந்த மாகாணத்துக்கும் முந்தி மெட்ராஸில் திறந்தது. ஆனால் அங்கே சரித்திரமும் பொது அறிவும் படிக்க வேண்டும், ‘அதுக்கு நான் எதுக்கு, லைப்ரரி போதும்’ என்பார்.

வகுப்பின் பெயர் வெர்பல் ரீசனிங். தர்க்கம் சொல்லித் தரப் போகிறார் என்று நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். சார் எழுதிப் போட்ட முதல் பாடம் இது: “யோசிக்காதீங்க. யோசிச்சா டைம் போயிடும்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுத்துக்கு எண் கண்டுபிடிக்கிற கேள்வி வரும். ஆங்கில எழுத்துகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது. ‘ஈஜோட்டி’ என்று ஒரு மந்திரம். இ என்றால் ஐந்து, ஜே பத்து, ஓ பதினைந்து, டி இருபது, ஒய் இருபத்தைந்து. எழுத்தைத் திருப்பிப் போடுகிற கேள்விக்கு வேறு மந்திரம்: ஜி-க்கு எதிர் டி, அது ஜி.டி. ரோடு. ஐ-க்கு எதிர் ஆர், இந்தியன் ரயில்வே. கே-க்கு எதிர் பி, கான்பூர். ஜி.டி. ரோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று மொட்டைமாடியில் ஒருத்தருக்கும் தெரியாது. மவுண்ட் ரோடு தெரிந்த பெண்கள், கான்பூரை முருகன் பெயர் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு 18ஆம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்போம்.

புத்தகத்துக்குப் பஞ்சம். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோயிருந்தது. பழைய கைடுகளும் ‘காம்பெடிஷன் சக்ஸஸ் ரிவ்யூ’ பின் இதழ்களும் கிடைக்கிற இடம் அதுதான் என்பதால், சார் அந்தத் தீ விபத்தைத் தனக்கு நேர்ந்த சொந்த நஷ்டமாகவே பேசுவார். லஸ் கார்னர் பிளாட்பாரத்திலும் திருவல்லிக்கேணியிலும் தேடி எடுத்த கைடில் முன்னால் வைத்திருந்தவர் விடைகளைப் பென்சிலால் டிக் அடித்திருப்பார். அது நமக்கு லாபமா நஷ்டமா என்பது அந்த ஆள் பாஸா ஃபெயிலா என்பதைப் பொறுத்தது. ‘தரவு போதாது’ என்கிற விடையின் அர்த்தம் எனக்கு அப்படித்தான் புரிந்தது. வகுப்புப் பையன்களுக்கு கதீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. ஒரு காபியை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க ‘டிஸ்கஷன்’ என்று உட்கார்ந்திருப்பார்கள். 2008இல் அதை மூடி, 2010இல் செம்மொழிப் பூங்காவாக்கிவிட்டார்கள். இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் மரத்தைப் பார்க்கலாம்.

இப்போது என் வீட்டில் அண்ணன் மகள் தங்கிப் படிக்கிறாள். விழுப்புரத்திலிருந்து வந்தவள், ஒரு கண் எஸ்எஸ்சி, ஒரு கண் குரூப் 4. அவளுடைய சார் யூடியூபில் இருக்கிறார். ஒரு சார் இல்லை, வாரத்துக்கு ஒருவர். எல்லோரையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விட்டுத்தான் கேட்கிறாள். அந்த வேகத்தில் எந்த சாரும் பயந்துபோய்ப் பேசுகிற மாதிரி இருக்கிறது. பிடிஎஃப் டெலிகிராமில் வந்து கொட்டுகிறது. தினம் மாக் டெஸ்ட்; முடித்த நிமிஷமே நாட்டில் எத்தனையாவது ராங்க் என்று சொல்லிவிடுகிறது. நாங்கள் தேர்வு எழுதி ரிசல்ட் வருவதற்குள் ஒரு கல்யாணமே நிச்சயமாகிக் கலைந்துபோகிற அளவு அவகாசம் இருந்தது. வீட்டில் நெட் மக்கர் பண்ணினால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கிற பகுதியில் இடம் பிடிக்கிறாள். அங்கே அலமாரியில் லட்சக்கணக்கில் புத்தகங்கள் இருக்கின்றன; அவளும் கூட்டாளிகளும் கீழேயே உட்கார்ந்து பகடைக் கணக்குப் போடுகிறார்கள்.

எல்லாம் மாறிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், அவள் போனிலிருந்து சத்தம் வந்தது: ஜி.டி. ரோடு, இந்தியன் ரயில்வே, கான்பூர். சுத்தமான மதுரைத் தமிழில் ஒருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, ஒரு நிமிஷம் யோசிச்சாலே வந்துடுமே இது?” என்றேன்.

“யோசிச்சா டைம் போயிடும் அத்தை. சிஜிஎல்ல அறுபது நிமிஷத்துக்கு நூறு கேள்வி. ஒரு கேள்விக்கு முப்பத்தாறு செகண்ட்.”

சார் இறந்து பல வருஷமாகிறது. அவருக்கு யூடியூபில் சந்தா வைத்திருந்தால் கோடீஸ்வரராகியிருப்பார்.

இரத்த உறவுக் கேள்விகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். அப்பாவின் தங்கையைத்தான் என் தாய்மாமா கட்டினார். அவர்கள் பெண்ணை என் அண்ணன் கட்டினான். அதாவது இப்போது என் வீட்டில் தங்கியிருப்பவளுக்கு அம்மா வழித் தாத்தா யாரோ அவரே அவள் அப்பாவுக்குத் தாய்மாமா. அம்மா வழிப் பாட்டி, அவள் அப்பாவுக்குச் சொந்த அத்தை. கைடு போட்டவருக்குக் குடும்பம் என்றால் கிளை பிரிந்துகொண்டே போகிற மரம். எங்கள் கிளைகள் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை திரும்பி வந்து அடிமரத்திலேயே முட்டும். ‘தரவு போதாது’ என்கிற நிலைமை இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கு வந்ததே இல்லை, மிஞ்சித்தான் கிடந்தது.

அப்போது பாட்டி இருந்தாள். ஒரு கேள்வியை அவளுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு பெண்ணின் போட்டோவைக் காட்டி ஒருவன் சொல்கிறான்: ‘இவளுடைய அம்மா என் மாமனாருக்கு ஒரே மகள்.’ அவள் அவனுக்கு என்ன வேண்டும்?

“பெத்த பொண்ணு” என்றாள் பாட்டி, வெற்றிலையை மடித்தபடி. கைடில் அதோடு விடை முடிந்தது. பாட்டிக்கு அப்போதுதான் கேள்வியே ஆரம்பித்தது. “பெத்த பொண்ணை ‘எம் பொண்ணு’ன்னு நேரா சொல்ல அவனுக்கு என்ன கேடு? மாமனாரை எதுக்கு நடுவுல இழுக்கிறான்? அதுவும் ‘ஒரே மகள்’னு அழுத்திச் சொல்றான் பாரு. சொத்து விவகாரம் இருக்கு. போட்டோவை யாருகிட்டக் காட்டறான்? வக்கீல்கிட்டயா?”

அனுமானம், உட்கிடை, முடிவு என்று கைடில் தனித்தனி அத்தியாயமாக இருந்ததை எல்லாம் பாட்டி ஒரே மூச்சில் செய்து முடித்தாள். அவளுக்கு எந்தக் கமிஷனும் வேலை தராது. அண்ணன் மகளிடம் இதே கேள்வியைப் போன வாரம் கேட்டேன். ஆணுக்குக் கூட்டல், பெண்ணுக்குக் கழித்தல், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு என்று கிறுக்கி, தலை நிமிராமல் “மகள், ஆப்ஷன் பி” என்றாள். வக்கீலைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இவள்தான் பாஸ் பண்ணுவாள்.

திசைக் கேள்வியில் மட்டும் தேனாம்பேட்டைக்காரர்களுக்குக் கருணை மதிப்பெண் தர வேண்டும் என்பது என் கட்சி. ஒருவன் வடக்கே ஐந்து கிலோமீட்டர் நடந்து, வலதுபுறம் திரும்பி மூன்று கிலோமீட்டர் நடக்கிறான் என்று ஆரம்பிப்பார்கள். இங்கே வலதுபுறம் திரும்ப யார் விடுகிறார்கள்? மெட்ரோவுக்குத் தோண்டிய வருஷங்களில் மவுண்ட் ரோடைக் கடப்பதே ஒரு பிழைப்பாக இருந்தது. 2018 மே மாதம் தேனாம்பேட்டை ஸ்டேஷன் திறந்து, அப்பாடா என்று மூச்சு விட்டோம். 2024இல் சைதாப்பேட்டை வரைக்கும் 3.2 கிலோமீட்டருக்கு மேம்பாலம் என்று மறுபடி அடிக்கல் நட்டார்கள்; அடியில் ரயில் சுரங்கம், மேலே பாலம். எதிர்ச் சாரி மருந்துக்கடைக்குப் போக வேண்டுமானால் முதலில் அதற்கு முதுகைக் காட்டிப் புறப்பட வேண்டும். புறப்பட்ட இடத்திலிருந்து அவன் இப்போது எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கேட்டால், பிதாகரஸுக்கே ஆட்டோக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்விகள் வடக்கேயிருந்து வருகின்றன என்று அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு கோபம் உண்டு. கான்பூர் காரணம். ஆனால் இவற்றின் பூர்வீகம் இன்னும் தூரம். 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது, ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியல்காரர்கள் கூடி ‘ஆர்மி ஆல்ஃபா’ என்று ஒரு தேர்வு தயாரித்தார்கள். எண் தொடரை நிரப்பு, இதற்கு இது என்றால் அதற்கு எது, எல்லாம் அதிலேயே இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போட்ட ‘ஆர்மி பீட்டா’. இரண்டுமாகப் பதினேழு லட்சம் பேருக்கு வைத்தார்கள். அமெரிக்க விளம்பரமும் விளையாட்டு வீரனும் தெரிந்தால்தான் விடை வரும் என்கிற மாதிரியான கேள்விகளும் அதில் கலந்திருந்தன. கப்பலில் வந்து இறங்கிய இத்தாலிக்காரனும் போலந்துக்காரனும் விழித்தார்கள். அந்த மார்க்கையெல்லாம் வைத்துக்கொண்டு கார்ல் பிரிகாம் என்பவர் 1923இல் ஒரு புத்தகம் எழுதி, வந்து குடியேறுகிறவர்களுக்கு மூளை மட்டு என்று காட்டினார். அடுத்த வருஷமே அமெரிக்கா குடியேற்றத்தைக் குறைத்துச் சட்டம் போட்டது. 1930இல் பிரிகாம், தான் சொன்னதற்கு ஆதாரமில்லை என்று தானே எழுதினார். சட்டம் திரும்பி வரவில்லை.

நூறு வருஷம் கழித்து நம் ஊரிலும் அதே கூத்து. யுபிஎஸ்சி 2011இல் முதல்நிலைத் தேர்வில் விருப்பப் பாடத்தை எடுத்துவிட்டு ‘சிசாட்’ என்று திறனறித் தாளை வைத்தது. 2014இல் டெல்லி முகர்ஜி நகரில் இந்தி வழியில் படித்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த வருஷம் ஆங்கிலப் பத்திக் கேள்விகளின் மார்க்கைச் சேர்க்காமல் விட்டார்கள். 2015இல், 33 சதவீதம் எடுத்தால் போதும், ராங்குக்குக் கணக்கில்லை என்றார்கள். தமிழில் படித்தவனுக்கும் அந்தத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார்கள். பிள்ளைகள் அண்ணா நகரில் இன்னொரு கோச்சிங் சென்டரைத் தேடிப் போனார்கள். நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். 2023இலிருந்து எஸ்எஸ்சி கீழ்நிலைத் தேர்வுகளைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் எழுதலாம். பூனை நாற்காலியாவதைத் தாய்மொழியிலேயே ஒத்துக்கொள்ளலாம். மொட்டைமாடியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கணக்கில் புலியான, ஆங்கிலத்தில் எலியான ஒருத்தி இதற்கு முப்பத்தைந்து வருஷம் பிந்திப் பிறந்திருக்கலாம்.

தமிழுக்கு இது புதிசும் இல்லை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் காஞ்சிபுரத்தில் அறவண அடிகள் அவளுக்கு நடத்துவது முழு நீள ரீசனிங் வகுப்பு: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து படி, எங்கெங்கே வழுக்கும் என்று போலிகளின் பட்டியல் வேறு. மலையில் புகை இருக்கிறது, ஆகவே நெருப்பும் இருக்கிறது என்று சொன்னால் விட மாட்டார்கள். எங்கே பார்த்தாய், காட்டு என்பார்கள். அடுக்களையில் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கண்ணால் கண்ட ஒரு அடுக்களை இல்லாமல் அங்கே தர்க்கம் நகராது. நாற்காலியான பூனையை அறவண அடிகளிடம் கொண்டுபோயிருந்தால் எங்கள் சார் மொட்டைமாடியிலிருந்து இறங்க வேண்டியிருந்திருக்கும். இதில் ஒரு விசேஷம், காதையின் பெயரைக் குரூப் 4இல் கேட்பார்கள். என் அண்ணன் மகளுக்கு அது மனப்பாடம். உள்ளே என்ன இருக்கிறது என்பது சிலபஸில் இல்லை.

குரூப் 4 என்றதும் ஒரு கணக்கு. 2022 ஜூலை 24ஆம் தேதி நடந்த தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். முந்நூறு பேருக்கு ஒரு நாற்காலி. இருநூறு கேள்வியில் நூறு தமிழ், எழுபத்தைந்து பொது அறிவு, இருபத்தைந்து திறனறிவு. முந்நூறில் ஒருவரைப் பிரித்தெடுப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி இருபத்தைந்துதான் என்று அவள் சொல்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் புத்தகங்களை எல்லோரும்தான் நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இத்தனை வருஷத்தில் டிஎன்பிஎஸ்சி நடத்திய மிகச் சிறந்த ரீசனிங் தேர்வு வினாத்தாளில் இல்லை. 2019 செப்டம்பர் குரூப் 4 ராங்க் பட்டியல் வந்தபோது, முதல் நூறு பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ராமேஸ்வரம், கீழக்கரை என்ற இரண்டே ஊர் மையங்களில் எழுதியவர்கள் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் தோற்றுப்போன பிள்ளைகள். கொடுக்கப்பட்ட கூற்று இது, இதிலிருந்து பெறப்படும் முடிவு என்ன? சரியான விடையைத் தேர்ந்தெடுத்துக் கத்தினார்கள். விசாரித்தால், தானே மறைந்துபோகிற மையால் நிரப்பிய விடைத்தாளை வழியில் திருத்தியிருக்கிறார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை. கண்டுபிடித்தவர்களுக்கு மார்க் போட விதியில் இடமில்லை.

நான் பாஸ் பண்ணிச் சேர்ந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். முதல் வாரம் ஒரு ஃபைலில், எனக்குத் தோன்றியதைக் காரண காரியத்தோடு ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்தேன். வெர்பல் ரீசனிங்கில் நல்ல மார்க் வாங்கிய திமிர். சூப்பரின்டென்டென்ட் அதைப் படித்துவிட்டு, வருத்தமாக, ஒரு துக்க வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்: “இதுக்கு முன்னாடி இந்த மாதிரி கேஸ்ல என்ன செஞ்சோம்னு பாத்தியாம்மா?” பார்த்தேன். 1971இல் என்ன செய்தார்களோ அதையே செய்தோம். 1971இல் செய்தவர்கள் 1958ஐப் பார்த்திருந்தார்கள். ஆதியில் யாராவது யோசித்திருக்க வேண்டும், அவர் கையெழுத்துப் புரியவில்லை. வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்காருகிற புதிருக்கு மட்டும் அங்கே ஒரு உபயோகம் கண்டேன்: இரண்டு ஃபேன், ஒரு ஜன்னல், பதினோரு குமாஸ்தாக்கள். அதையும் சீனியாரிட்டி லிஸ்ட் தீர்த்துவைத்தது.

போன மாதம் அண்ணன் மகள் ஒரு மாதிரி ஓஎம்ஆர் தாளை மேசையில் விரித்து வைத்து எனக்குக் காட்டினாள். ஏ, பி, சி, டி நான்கோடு ஐந்தாவதாக ஒரு வட்டம்.

“இது என்ன, இ?”

“விடை தெரியவில்லை.”

“அதுக்கு ஒரு வட்டமா?”

“ஆமா அத்தை. அந்த முறைகேட்டுக்கு அப்புறம் கொண்டுவந்தாங்க. தெரியலன்னா சும்மா விட்டுட முடியாது, இ-யை ஷேட் பண்ணணும். கடைசியில எத்தனை ஏ, எத்தனை பி, எத்தனை இ-ன்னு எண்ணி எழுதணும், அதுக்கே பதினஞ்சு நிமிஷம் தனியா இருக்கு.”

“நாங்களும் இதேதான் செஞ்சோம். ஃபைல்ல ஒண்ணும் புரியலன்னா கீழ ‘ஃபார் ஆர்டர்ஸ் ப்ளீஸ்’னு எழுதி மேல அனுப்பிடுவோம். அவரும் அதையே எழுதி அவருக்கு மேல அனுப்புவார்.”

“அதுக்கு மார்க் உண்டா அத்தை?”

“மார்க் கிடையாது. பென்ஷன் உண்டு.”

“எங்க செட்டுக்கு அது ஷேர் மார்க்கெட்டைப் பொறுத்தது” என்று சொல்லிவிட்டு, போனில் அடுத்த மாக் டெஸ்டைத் திறந்தாள். எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தன் மனைவிக்குப் பக்கத்தில் இல்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை.